உருளைக்கிழங்கு வறுவலும் ஒரு சமையற்காரரும்

நம் பிள்ளைகள் விரும்பிக் கொறிக்கும் உருளைக்கிழங்கு வறுவலைக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் கிரம் என்பார்கள். அவர் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்துச் சரட்டோகா ஏரிக்கரை விடுதியொன்றில் சமையற்காரர். தந்தை கறுப்பினத்தவர், தாய் அந்நாட்டுப் பழங்குடி மரபினர்.

1853-இல், கிழங்கு தடிப்பாக இருக்கிறதென்று குறைகூறிய ஒருவருக்குப் பாடம் புகட்ட, அதைத் தாள்போல் சீவிப் பொரித்தார் என்பது கதை. ஆனால், அதற்கு முன்பே வில்லியம் கிச்சினரின் ஆங்கிலச் சமையல் நூலில் அத்தகைய செய்முறை உண்டு.

ஆகவே, கண்டுபிடித்த பெருமை அவருக்குரியதன்று; உழைத்த பெருமை அவருடையதே. 1860-இல் சொந்த உணவகம் திறந்தார். மேசைதோறும் கூடையில் வறுவல் வைத்தார். செல்வர்களும் அவர் கைப்பக்குவத்தைத் தேடி வந்தனர். 1914-இல் மறைந்தார்.

உழைப்பாளியைப் போற்றக் கட்டுக்கதை எதற்கு? அவர் கைத்திறனே போதும்.