இணைப்பு வரிசை

இணைப்பு வரிசை என்பது பலர் கூடி எழுதும் மென்பொருளில், ஒப்புதல் பெற்ற நிரல் மாற்றங்களை வரிசையில் நிறுத்தி, தானியங்கிச் சோதனைகளில் தேறியவற்றை மட்டும் முதன்மைக் கிளையில் சேர்க்கும் முறை ஆகும். தமிழ் விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளின் உருவாக்கத்திலும் இம்முறை கையாளப்பட்டுள்ளது.

தேவை

ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியே சோதிப்பது போதாது. ஒருவர் ஒரு செயற்கூற்றின் பெயரை மாற்றி, அதை அழைக்கும் எல்லா இடங்களையும் திருத்துகிறார் எனக் கொள்வோம். அதே நாளில் மற்றொருவர் பழைய பெயரை அழைக்கும் புதிய கோப்பொன்றை எழுதுகிறார். தனித்தனியே இரண்டும் சோதனையில் தேறும். வெவ்வேறு கோப்புகள் என்பதால் இணைக்கும்போது முரண்பாடும் காட்டாது. இரண்டும் சேர்ந்த பின்னரோ நிரல் இயங்காது. பிழை இருவருடையதும் அன்று. ஆனால் அக்கிளையிலிருந்து பணி தொடங்கும் அனைவரையும் அது பாதிக்கும்.

செயற்பாடு

வரிசையில் அ, ஆ, இ என மூன்று மாற்றங்கள் இருப்பின், ஆ என்பது அ சேர்ந்த நிலையிலும், இ என்பது முந்தைய இரண்டும் சேர்ந்த நிலையிலும் சோதிக்கப்படும். ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தால், சோதனைக்கு 20 நிமிடம் எனில் நாளொன்றுக்கு 72 மாற்றங்களே சேர முடியும். எனவே முன்னவை தேறும் என்ற ஊகத்தில் மூன்றும் ஒரே நேரத்தில் சோதிக்கப்படுகின்றன. அ தவறினால் அது நீக்கப்பட்டு, மற்ற இரண்டும் அதனை விடுத்து மீண்டும் சோதிக்கப்படும். இதற்குக் கணினி வளம் மிகுதியாகத் தேவை.

வரலாறு

ரஸ்ட் மொழியை உருவாக்கிய கிரேடன் ஹோர், அத்திட்டத்துக்காகப் போர்ஸ் என்ற தானியங்கியை எழுதினார். எல்லாச் சோதனைகளிலும் எப்போதும் தேறும் நிரலைத் தானாகவே பேணும் விதி பழையது, எளியது, ஆயினும் அரிதாகவே பின்பற்றப்படுகிறது என 2014 இல் அவர் எழுதினார். ஓப்பன்ஸ்டாக் திட்டத்தினர் 2012 இல் சூல் என்ற கருவியை உருவாக்கினர். 1984 ஆம் ஆண்டுத் திரைப்படமான கோஸ்ட்பஸ்டர்ஸில் வரும் வாயிற்காவல் பூதத்தின் பெயர் இது.

மீடியாவிக்கியில் 2012 வரை மாற்றங்கள் முதலில் சேர்க்கப்பட்டு, பின்னரே மதிப்பாய்வு செய்யப்பட்டன. அவ்வாண்டு கிட், கெரிட் ஆகியவற்றுக்கு மாறியதும் இவ்வொழுங்கு தலைகீழானது. பின்னர் சூலும் ஏற்கப்பட்டது. மதிப்பாய்வாளர் கூட்டல் 2 வழங்கிய மாற்றம் நேரே சேராது. சூலின் வரிசையில் தேறிய பின்னரே சேரும்.

கிட்ஹப் தளத்தில் இவ்வசதி 2023 இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

சிக்கல்கள்

ஒரே நிரலுக்கு ஒருமுறை தேறியும் மறுமுறை தவறியும் முடிவு தரும் நிலையற்ற சோதனைகளே பெரும் இடர். குற்றமற்ற மாற்றம் வெளியேற்றப்படுவதுடன், அதன் பின் நிற்பவை அனைத்தும் மறுபடி சோதிக்கப்பட வேண்டியிருக்கும். ரஸ்ட் திட்டத்தில் முழுச் சோதனைக்குப் பல மணி நேரம் ஆவதால், சிறு மாற்றங்களைக் கட்டாகச் சேர்த்து ஒரே முறையில் சோதிக்கின்றனர். கட்டு தவறினால் எம்மாற்றம் காரணம் எனத் தேடும் வேலை மனிதருக்கே வந்து சேர்கிறது.