தாய்மாரின் சாட்சியம்

விஞ்ஞான வரலாற்றை எழுதுவோர் கருவிகளையும் கண்டுபிடிப்பாளரையும் பற்றியே பெரும்பாலும் பேசுவர். குழந்தைகளை மருத்துவ எக்ஸ்கதிரின் தீங்கினின்றும் காக்கும் முயற்சியின் வரலாற்றிலோ, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரின் வாய்மொழிக்குப் பெரும் பங்கு உண்டு.

1950களின் முற்பகுதியில் இங்கிலாந்தில் இரத்தப் புற்றுநோயால் இறக்கும் சிறுவர் தொகை பெருகி வந்தது. காரணம் புலப்படவில்லை. ஒக்ஸ்போட்டில் சமூக மருத்துவத் துறையிற் பணியாற்றிய டொக்டர் அலிஸ் ஸ்டூவட், மருத்துவர் மறந்திருக்கக்கூடியதைத் தாய் மறந்திருக்கமாட்டாள் எனக் கருதினார். பல்கலைக்கழகம் அவருடைய துறையை ஏற்கெனவே சிறு பிரிவாகக் குறுக்கிவிட்டிருந்தது. ஆய்வுக்குக் கிடைத்த பணமோ 1,000 பவுண். அதனையும், இரத்தப் புற்றுநோயால் 1931இல் மாண்ட இந்தியப் பெண்மணி மெஹர்பாய் தாதாவின் பெயரால் அமைந்த நிதியமே தந்தது. 1953 முதல் 1955 வரை 10 வயதுக்குட் புற்றுநோயால் இறந்த பிள்ளைகளின் தாய்மாரையும், நலமாயிருந்த பிள்ளைகளின் தாய்மாரையும் உள்ளூர்ச் சுகாதாரப் பகுதியினர் ஒரே வினாக்கொத்தைக் கொண்டு விசாரித்தனர்.

1956இல் முதல் முடிவு வெளிவந்தது. கருவுற்றிருந்த காலத்தில் வயிற்றில் எக்ஸ்கதிர்ப்படம் எடுக்கப்பட்டதாகக் கூறியோர், பிள்ளையை இழந்த தாய்மாரிடையே ஏறத்தாழ இருமடங்கினர். சிசுவின் கிடையையும் தாயின் இடுப்பெலும்பின் அளவையும் அறிய இவ்வாறு படமெடுப்பது அக்கால வழக்கம்.

மருத்துவ உலகம் இதனை எளிதில் ஏற்கவில்லை. துயருற்ற தாய் காரணம் தேடி நினைவைத் துருவுவாள். பிள்ளை நலமாயுள்ளவளோ மறந்துவிடுவாள். ஆதலின் ஞாபகம் சான்றாகாது என்றனர். இவ்வாதத்தை வெறும் அகந்தையென ஒதுக்குதல் நேர்மையன்று; ஆய்வு முறை நோக்கில் அது கேட்கவேண்டிய கேள்வியே. ஆயினும் தாயின் நினைவின்மீது எழுந்த ஐயம் எக்ஸ்கதிர்க் கூடத்தின்மீது அத்துணை விரைவாக எழவில்லை என்பது மனங்கொளத்தக்கது. படமெடுப்பு தொடர்ந்தது.

1962இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தின் பிரையன் மக்மாகன், 7 இலட்சத்துக்கு மேற்பட்ட பிறப்புகளை எடுத்துக்கொண்டு, எவர் ஞாபகத்தையும் நாடாது மருத்துவமனைப் பதிவேடுகளையே ஆராய்ந்தார். கருவிலே எக்ஸ்கதிர் பட்ட பிள்ளைகளிடையே புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 40 சதவீதம் மிகுந்திருந்தது. தாய்மார் பொய்யாகச் சொல்லவில்லை. அதன் பின்னரும் அவ்வழக்கம் அருகுவதற்கு ஆண்டுகள் பல சென்றன. மீயொலிப் பரிசோதனை பரவியபோதே அது பெரிதும் மறைந்தது.

பிறந்த குழந்தைகளின் கதையும் வேறன்று. சீ.ரி. பொறியிற் குழந்தைகளுக்கும் வளர்ந்தோருக்குரிய கதிரளவே பல இடங்களிற் செலுத்தப்படுவதை 2001இல் அமெரிக்க ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். 2008இல் அங்கு தொடங்கிய ‘இமேஜ் ஜென்ற்லி’ இயக்கம், கதிரளவைக் குழந்தையின் உடலுக்கேற்பக் குறைக்குமாறும், வேண்டிய பகுதியை மட்டுமே படமெடுக்குமாறும் வற்புறுத்தியது. பிள்ளைக்கு எப்போது, எங்கே, எந்தப் படம் எடுக்கப்பட்டது என்பதைப் பெற்றோரே குறித்துவைப்பதற்கு ஒரு சிறு அட்டையையும் அது வகுத்தளித்தது.