தலைமையும் தேர்வுரிமையும்: தாம்பரம் மாநாடு எழுப்பிய கேள்வி

மிஷன் பணிகளின் தலைமை இந்தியர் கைக்கு எப்போது வந்தது என்று கேட்டால், முதல் இந்தியர் பதவியேற்ற ஆண்டுகளை வரிசைப்படுத்தி விடை சொல்வது வழக்கம். அந்த ஆண்டுகளுக்கு மதிப்பு உண்டு. ஆயினும் தலைவரைத் தேர்ந்தெடுத்தவர் யார், பணமும் நிலமும் யார் பொறுப்பில் இருந்தன என்பவையே உள்ளூர்த் தலைமையின் மெய்யான அளவுகோல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1938 டிசம்பரில் உலக மிஷனெரி மாமன்றத்தின் மாநாடு தாம்பரத்தில் கூடியது. சீனாவின் ஹாங்சோவில் நடப்பதாக இருந்த இம்மாநாட்டை, ஜப்பானியப் படையெடுப்பு சென்னைப் புறநகருக்குக் கொண்டுவந்தது. முந்தைய ஆண்டுதான் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்திருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகத்தில் 470க்கும் மேற்பட்ட பேராளர்கள் தங்கினர். 1910ஆம் ஆண்டு எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் ஏறத்தாழ 1,200 பேராளர்களுள் ஆசியர் இருபது பேர்கூட இல்லை. தாம்பரத்திலோ ஏறத்தாழப் பாதிப்பேர் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கச் சபையினர். ஏழு தொகுதிகளாக வெளிவந்த மாநாட்டு வரிசையில் ஒரு முழுத் தொகுதி திருச்சபையின் பொருளாதார அடித்தளத்தை ஆராய்கிறது. தலைமைச் சிக்கலின் வேர் பணத்தில் இருப்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

எடின்பரோவிலேயே இதை வெளிப்படையாகப் பேசியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. மிஷனெரி சம்பளம் கொடுப்பவராகவும் இந்திய ஊழியர் வேலைக்காரராகவும் இருக்கும்வரை நட்பு மலராது என்பது அவர் உரையின் சாரம். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அவர் அபிஷேகம் பெற்றார். ஆனால் அவருக்குக் கிடைத்தது தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல். அவர் பிறந்த நெல்லைத் திருமண்டலத்தில் அதன்பின் நாற்பது ஆண்டுகள் ஐரோப்பியரே பேராயராக இருந்தனர்.

தோர்ணக்கல் பணியின் தொடக்கம் இன்னும் முக்கியமானது. 1903இல் பாளையங்கோட்டையில் பிறந்த இந்திய மிஷனெரிச் சங்கம், நெல்லைச் சபையாரின் காணிக்கையைக் கொண்டே அங்கு ஊழியர்களை அனுப்பியது. உலை வைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டு, ஞாயிறன்று கோவிலில் சேர்ப்பது தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களின் நெடுநாள் வழக்கம். அத்தகைய காணிக்கையில் நடக்கும் பணிக்குத் தலைவரை நியமிக்க லண்டனின் இசைவு தேவையில்லை.

மாநாடு கூடிய கல்லூரியையே எடுத்துக்கொள்வோம். அதன் வரலாறு 1837இல் தொடங்குகிறது. முதல் இந்திய முதல்வராகச் சந்திரன் தேவநேசன் பொறுப்பேற்றது 1962இல். இடையில் 125 ஆண்டுகள். நாடு விடுதலை பெற்றே 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. தகுதியுள்ள இந்தியப் பேராசிரியர்கள் இல்லாமல் இந்தத் தாமதம் நேரவில்லை. கல்வி வளர்ந்த வேகத்தில் அதிகாரம் கைமாறவில்லை.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயராக 1955இல் டேவிட் செல்லப்பா பொறுப்பேற்றார். அவருக்குப்பின் 1965இல் அப்பதவிக்கு வந்தவர் ஆங்கிலேயரான லெஸ்லி நியூபிகின். இதைப் பின்னடைவு என்று கொள்வது தவறு. திருமண்டல மன்றம் பெயர்களை முன்மொழிய, திருச்சபையின் தலைமை மன்றமான சினாடு இறுதி செய்யும் முறை, இத்திருச்சபை உருவான 1947க்குப்பின் நடைமுறையில் இருந்தது. தமிழ் அறிந்த, மதுரைப் பகுதியில் ஏற்கெனவே பேராயராயிருந்த ஒருவரை இந்தியச் சபையே வேண்டி அழைத்தது. தேர்வுரிமை உள்ளூரில் இருந்ததால், அயலார் ஒருவரின் தலைமையும் உள்ளூர்த் தலைமையாயிற்று.

தேர்வுரிமை உள்ளூருக்கு வந்தால் உள்ளூர் ஆதிக்கச் சாதியினர் அதைக் கைப்பற்றிவிடுவர் என்ற மறுப்பு வலுவானது. தலித் இறையியலுக்காகக் குரல்கொடுத்த மாசிலாமணி அசரியா சென்னைப் பேராயரானது 1990இல்தான். சபையில் பெருந்தொகையினர் தலித் மக்களாக இருந்தும் இத்தனை ஆண்டுகள் ஆயின. ஆயினும் இதற்கு மாற்று, உரிமையை மீண்டும் வெளியே ஒப்படைப்பது ஆகாது. வாக்களிக்கும் மன்றத்தில் சிற்றூர்ச் சபைகளுக்கும் தலித் மக்களுக்கும் பெண்களுக்கும் மெய்யான இடம் வேண்டும். கணக்கும் நிலப் பத்திரமும் சபையார் முன் திறந்திருக்க வேண்டும்.

ஆகவே, ஒரு மிஷன் பணி உள்ளூர்மயமாகிவிட்டதா என்று ஆராய்பவர் தலைவரின் பெயரோடு நின்றுவிடலாகாது. அவரைத் தேர்ந்தெடுக்கவும், கணக்குக் கேட்கவும், வேண்டுமானால் மாற்றவும் அங்குள்ள சபையாருக்கு உரிமை உண்டா என்று பார்க்க வேண்டும். அந்த உரிமை இல்லாத இடத்தில் நியமனம் எவ்வளவு மனமுவந்து செய்யப்பட்டாலும், தலைமை இன்னும் வெளியேதான் இருக்கிறது.