வாகரைக் கரைவலையும் ஆட்டொகையும்

மட்டக்களப்பின் வடபகுதியில் அமைந்த வாகரையின் பொருளாதார வரலாற்றை ஆராய்வோர் கரைவலைத் தொழிலைப் புறக்கணித்தல் இயலாது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கடல் கொந்தளிக்கும், வலை ஓய்ந்துவிடும். பங்குனி முதற் புரட்டாதி வரை கடல் அமைதியுறும். மேற்குக் கரை கொந்தளிக்கும் அக்காலத்தில், போருக்கு முன்னர், நீர்கொழும்பு முதலிய இடங்களின் மீனவரும் கீழ்க்கரைக்கு வந்து வாடியமைத்தனர்.

வலையை வளைத்துவிடத் தோணியிற் சிலரே போதும். இரு கயிறுகளையும் இழுக்கவோ இரண்டு அணிகள் வேண்டும். மடி கனத்தாற் கரையில் நிற்போரும் கைகொடுப்பர். அவர்க்குக் கறிக்கு மீன் கிடைக்கும். சுமைக்கேற்ப ஆட்டொகை கூடிக் குறையும் இவ்வொழுங்கு வியக்கத்தக்கதே. ஆயினும் அதன் செலவை ஏற்றவர் யாவர்? நாட்கூலியின்றிப் பங்கே ஊதியமாதலின், வெறுமடி வந்த நாளிற் சம்மாட்டிக்குக் கூலிச் செலவில்லை, இழுத்தவனுக்கு வருவாயில்லை. (வலையின் தேய்மானம் சம்மாட்டியையே சார்ந்தது என்பதும் உண்மை.) மாரியில் தொழிலாளி பெற்ற முற்பணம் அடுத்த பருவத்திலும் அவனை அதே வலையோடு பிணித்தது. வேண்டியபோது ஆட்கள் திரண்டமைக்குக் கடலைவிடக் கடனே பெருங்காரணம் எனலாம்.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. 2006, 2007ஆம் ஆண்டுகளிற் போர் குடிகளையே இடம்பெயர்த்தது. வலையிருப்பினும் இழுக்க ஆளில்லை.