கலவாத இரு திரவங்களின் எல்லை

1902-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் வால்டர் நெர்ன்ஸ்ட் என்னும் ரசாயன மேதையும் அவருடைய சகாவான ரீசன்ஃபெல்டும், நீருக்கும் நீருக்கும் நடுவே பீனாலை நிறுத்தி, நிறமுள்ள உப்புகளைக் கரைத்து, அம்மூன்று அடுக்குகளின் ஊடே மின்சாரத்தைச் செலுத்தினார்கள். அயனிகள் ஒரு திரவத்தைத் துறந்து மற்றொன்றில் பிரவேசிப்பதை நிறமே கண்ணுக்குக் காட்டிக்கொடுத்தது. அவர்கள் தேடியது என்னவோ வேறு. நீரல்லாத கரைப்பானில் ஒவ்வோர் அயனியும் மின்சாரத்தின் எத்தனை பங்கைச் சுமந்து செல்கிறது என்ற கணக்கே அவர்களுக்கு வேண்டியிருந்தது. திரவங்களின் எல்லை அதற்கு ஒரு சாதனம், அவ்வளவுதான்.

அந்த எல்லையையே பொருளாக எடுத்துக்கொண்டவர்கள் உடலியல் அறிஞர்கள். நரம்பிலும் தசையிலும் தோன்றும் மின்சாரத்துக்கு, சில அயனிகளை உள்ளே விட்டுச் சிலவற்றைத் தடுக்கும் சவ்வுகளே காரணமாகலாம் என்று ரசாயன அறிஞர் ஆஸ்ட்வால்ட் 1890-லேயே ஊகித்திருந்தார். 1906-இல் மாக்ஸ் கிரெமர் என்பவர் நீர், எண்ணெய், நீர் என்ற அடுக்கை உயிரணுச் சவ்வின் பிரதிமையாகக் கொண்டு ஆராய்ந்தார். மெல்லிய கண்ணாடிச் சவ்விலும் மின்னழுத்தம் எழுவதை அதே கட்டுரையில் அவர் குறித்திருந்தார்; பிற்காலத்தில் அமிலத்தன்மையை அளக்கும் கண்ணாடி மின்முனை உலகமெங்கும் பரவியதற்கு அந்தக் குறிப்பே வித்து. கிளைச் செய்தி கொழித்தது. மூலப் பொருளோ நெடுங்காலம் உறங்கிற்று.

உறக்கத்துக்குக் காரணம் அறிவின் வறுமை அன்று என்றே நான் கருதுகிறேன். 1939-இல் வெர்வேயும் நீஸனும் அந்த எல்லையின் இருபுறமும் மின்னூட்டம் எவ்வாறு பரவி நிற்கும் என்பதைக் கணிதமாகவே எழுதிவிட்டார்கள். குறை கருவியில் இருந்தது. நீருடன் கலவாத நைட்ரோபென்சீன் போன்ற திரவத்தில் உப்பைக் கரைத்தாலும் மின்தடை மிகுதியாகவே இருக்கும். ஆகவே செலுத்திய மின்னழுத்தத்தில் எவ்வளவு எல்லையில் நின்றது, எவ்வளவு திரவத்தின் உடலிலேயே விரயமாயிற்று என்று பிரித்தறிய வழியில்லை. 1968-இல் பிரான்சின் மோன்பெல்லியே நகரில் கிளோட் கவாஷ், உலோக மின்முனையைப் போலவே இந்த எல்லையையும் நம் விருப்பப்படி மின்னழுத்தத்தில் நிறுத்தலாம் என்று காட்டியபோதுதான் வாயில் திறந்தது.

அந்த வாயிலின் வழியே செக் நாட்டின் பிராகாவில் அடுத்து நிகழ்ந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1922-இல் யரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி, சொட்டுச் சொட்டாக விழும் பாதரசத்தை மின்முனையாக்கிப் போலரோகிராபி என்னும் முறையைக் கண்டு, 1959-இல் நோபல் பரிசும் பெற்றார். ஒவ்வொரு சொட்டும் மாசற்ற புதிய பரப்பைத் தருவதே அம்முறையின் விசேஷம். அவர் பெயர் தாங்கிய நிலையத்தில் யிரி கோரிட்டா, 1976-இல், பாதரசத்தின் ஸ்தானத்தில் மின்பகுளிக் கரைசலையே சொட்டவிட்டார்! அடுத்த ஆண்டே சாமெட்ஸ், மரெச்செக் முதலியோர் அவருடன் சேர்ந்து நான்கு மின்முனைகளை அமைத்தனர்: மின்சாரத்தைச் சுமக்க இரண்டு, எல்லையின் அருகே அழுத்தத்தை அளக்க இரண்டு. விரயமாகும் பங்கையும் மின்சுற்றே ஈடு செய்தது. நீரை விட்டு அகலாத உப்பு ஒருபுறம், நீரில் புகாத உப்பு மறுபுறம். இரண்டும் இடம் பெயராது நிற்கும் அந்தச் சில நூறு மில்லிவோல்ட் இடைவெளியில், மூன்றாவதாக வந்த அயனி எல்லையைக் கடக்கும்போது, உலோகப் பரப்பில் எலெக்ட்ரான் தாவுவதை ஒத்த வளைகோடே தாளில் எழுந்தது. ஆனால் இங்கே எலெக்ட்ரான் எதுவும் கைமாறவில்லை, பொருள் உருமாறவுமில்லை.

1924-இல் ஹெய்ரோவ்ஸ்கியுடன் சேர்ந்து போலரோகிராப் என்ற பதிவுக் கருவியைச் சமைத்தவர் ஜப்பானியரான ஷிகாதா. அவர் சார்ந்திருந்த கியோட்டோவில், பின்னாளில், வேளாண் ரசாயனத் துறையிலிருந்து செண்டாவும் அவருடைய மாணாக்கரும் இந்தத் திரவ எல்லை ஆராய்ச்சியைப் பெரிதும் வளர்த்தார்கள்.

எனினும் திரவத்தின் சுபாவம் மாறவில்லை. மேசை அசைந்தால் எல்லையும் அசையும். கலத்தைச் சாய்க்க முடியாது. ஆகவே நைட்ரோபென்சீனில் பி.வி.சி. பிளாஸ்டிக்கைச் சேர்த்து அதை ஜெல்லாக உறையச் செய்தார்கள். அயனிகளின் நடமாட்டம் அதனுள் சற்று மந்தப்பட்டாலும் எல்லை ஸ்திரமாயிற்று. ஆய்வுக்கூடத்துக் கலம், கையிலெடுக்கும் உணரியாக மாறுவதற்கு வேண்டிய உறுதி வந்தது. 1986-இல் டெய்லரும் ஜிரோவும் நுண்குழாயின் முனையிலேயே எல்லையை அமைத்ததும், அதன் பரப்பு மிகச் சிறுத்து, மின்தடைத் தொல்லையும் பெருமளவு அகன்றது. இவ்விரு யுக்திகளையும் இணைத்து, சிலிக்கன் தகட்டின் நுண்துளைகளில் ஜெல்லை நிரப்பி, அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் இன்சுலின் போன்ற புரதங்களையும் அளக்க முற்பட்டார்கள். கிரெமரின் காலத்து உடலியல் நாட்டம் இவ்வாறு அளவுக் கருவியின் வடிவில் மீண்டது.