நாலு மணி நேரக் கணக்கு

போடி, வருசநாடு பக்கம் இலவ மரம் ஏறுகிறவர்கள், கம்பம் பள்ளத்தாக்கில் தென்னை ஏறுகிறவர்கள், விடியக்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். இவங்க எல்லாருக்கும் பொதுவான பயம் ஒண்ணு: முதுகுத்தண்டு அடிபடுவது. அடிபட்டவரைப் பற்றி ஊரில் "கால் போச்சு"ன்னுதான் பேசுவாங்க. ஆனால் வரலாற்றைப் புரட்டினால், இந்த நோயாளிகளைக் கொன்றது கால் இல்லை. சிறுநீர்ப்பையும் படுக்கைப்புண்ணும்தான்.

தண்டுவடம் அறுபட்டால் பைக்கு மூளையின் உத்தரவு வராது. நிறைகிறது, விரிகிறது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது, கடைசியில் சிறுநீரகம் கெடுகிறது. முதல் உலகப்போரில் இப்படி அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை.

குழாய் விட்டு எடுப்பது பழைய வித்தைதான். 1752-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் தன் அண்ணன் ஜானுக்காக வளையக்கூடிய வெள்ளிக் குழாய் செய்ய வைத்தார். பிறகு பாரிஸின் நெலட்டான் ரப்பர் குழாயைக் கொண்டுவந்தார்; இன்றைக்கும் அந்தக் குழாய்க்கு அவர் பேர்தான். "14 சைஸ்" என்கிறோமே, அதுவும் பாரிஸ் கணக்கு: சாரியர் என்ற கருவி செய்பவர் வகுத்தது. மூன்றால் வகுத்தால் குழாயின் தடிமன் மில்லிமீட்டரில் வரும். 1930-களில் போலி என்ற அமெரிக்க டாக்டரின் பலூன் குழாய் வந்தது. நம்ம ஊரில் "டியூப் போட்டிருக்கு" என்றால் பெரும்பாலும் இதுதான். உள்ளேயே கிடக்கும், பை தொங்கும். வசதிதான், ஆனால் மாதக்கணக்கில் கிடந்தால் கிருமிக்குப் போட்ட ரோடு அது.

1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய குட்மன், குழாயை விட்டு, காலி செய்து, உடனே எடுத்துவிடும் முறையைப் பிடிவாதமாக நடத்தினார். ஆனால் கிருமி நீக்கிய கையுறையும் கருவியும் பழகிய கையும் அதற்கு வேணும். ஆஸ்பத்திரியில் சரி, வீட்டுக்குப் போனபிறகு?

அதற்குப் பதில் 1972-ல் வந்தது. மிச்சிகனில் லாபிடஸ் என்ற சிறுநீரக அறுவை மருத்துவர், நோயாளியே சோப்புப் போட்டுக் கைகழுவி, சுத்தமான குழாயைத் தானே விட்டுக்கொண்டால் போதும் என்று எழுதினார். அவர் வாதம் இது: பை அளவுக்கு மீறி விரியும்போது அதன் சுவருக்கு ரத்த ஓட்டம் குறைகிறது, எதிர்ப்புச் சக்தி போகிறது. கிருமி நுழைவதைவிட, தேங்குவதுதான் பெரிய ஆபத்து. அதனால் நேரம் தவறக்கூடாது: நாலு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு தடவைக்கு 400–500 மில்லிக்கு மேல் சேராமல். என்னைக் கேட்டால், மருத்துவ வரலாற்றில் இவ்வளவு மலிவான புரட்சி வேறு அதிகமில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கதைக்கு ஒரு முகம் உண்டு. வேலூர் சிஎம்சி டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் அதற்கென்றே தனி நிலையம் திறந்தது. அங்கே போகிறவருக்கு இன்று குழாய் விட்டுக்கொள்ளச் சொல்லித் தருகிறார்கள். தானே செய்ய முடியாதவர் என்றால் கூட இருப்பவருக்கு.

சொல்லித் தந்துவிட்டால் முடிந்ததா? சின்னமனூர்ப் பக்கம் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்க. கழிப்பறைக் கதவு குறுகல், சக்கர நாற்காலி நுழையாது. ஒரே அறை, மறைவுக்குச் சேலையைக் கட்டணும். மேல்நாடுகளில் பல இடங்களில் ஒருமுறை விட்ட குழாயைத் தூக்கிப் போடுகிறார்கள், இங்கே கழுவி, கொதிக்கவைத்து, உலர்த்தி, டப்பாவில் மூடி வைத்துத் திரும்ப எடுக்கிறோம். கற்றுக்கொண்ட மனைவி காலையில் திராட்சைத் தோட்டத்துக்குப் போனால் மத்தியானக் குழாயை யார் விடுவது? இதில்தான் பல குடும்பங்கள் களைத்துப்போய்ப் பலூன் டியூபுக்கே திரும்பிவிடுகின்றன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல.

தேனிக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2004-ல் வந்தது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சையாளரும் செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். பிரஷரும் சுகரும் பார்த்தபிறகு அவர்கள் இன்னொன்றும் கேட்கலாம்: "கடைசியா எத்தனை மணிக்கு எடுத்தீங்க? எவ்வளவு வந்துச்சு? பகல்ல கூட யாரு இருக்காங்க?"