இளவயது மாரடைப்பும் பரம்பரைக் கொழுப்பும்

ஜனாஸா தொழுது திரும்பும்போது, "நாற்பது வயதுதான், இவருடைய வாப்பாவும் இப்படித்தான் போனார்" என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்போம். 'அல்லாஹ்வின் நாட்டம்' என்று கூறிக் கலைந்துவிடுகிறோம். மவுத்தானவருக்கு துஆச் செய்வதோடு, அவருடைய பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவதும் நம் பொறுப்பாகும்.

இது என்ன நோய்?

எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பை இரத்தத்திலிருந்து அகற்றுவது கல்லீரலின் வேலை. அதற்குரிய மரபணுவில் பிறவிக் குறை இருந்தால் கொழுப்பு தேங்கி, சிறுவயது முதலே இதயக் குழாய்களில் படியத் தொடங்கும். உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இக்குறை உண்டு. ஒல்லியானவருக்கும், பிரியாணியைத் தொடாதவருக்கும் இருக்கலாம். உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது.

யார் பரிசோதிக்க வேண்டும்?

குடும்பத்தில் 55 வயதுக்குள் ஓர் ஆணுக்கோ, 60 வயதுக்குள் ஒரு பெண்ணுக்கோ மாரடைப்பு வந்திருந்தால், மற்றவர்கள் 'லிப்பிட் புரொஃபைல்' பார்க்க வேண்டும். எல்.டி.எல். அளவு பெரியவர்களுக்கு 190, பிள்ளைகளுக்கு 160 மி.கி.க்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் குடும்ப விவரத்தையும் சொல்லுங்கள்.

ஒருவருக்கு உறுதியானால், அவருடைய பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. இப்படிக் குடும்பம் குடும்பமாகத் தேடும் முறையை நெதர்லாந்து 1994-இல் தொடங்கி, பல்லாயிரம் பேரைக் கண்டறிந்தது.

சொந்தத்தில் நிக்காஹ்

மாமி மகளையோ சாச்சா மகளையோ மணப்பது மார்க்கத்தில் ஆகுமானதே. ஆனால் இருவருக்குமே இக்குறை இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது இரு பக்கமிருந்தும் சேர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பள்ளி வயதிலேயே மாரடைப்பு வரலாம். எனவே இத்தகைய குடும்பங்களில் பேச்சு முடிக்கும் முன்பே பரிசோதியுங்கள். 'வரன் தட்டிப்போகும்' என்று மறைப்பது நம்பிக்கைத் துரோகம்.

சிகிச்சை

ஸ்டாட்டின் மாத்திரைகள் ஆபத்தைப் பெருமளவு குறைக்கின்றன. பிள்ளைகளுக்கும் 8 முதல் 10 வயதில் மருத்துவர் தொடங்கலாம். நலமாக இருக்கிறது என்று நீங்களாகவே நிறுத்தாதீர்கள். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஷாமில் கொள்ளைநோய் பரவியதை அறிந்து உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்பினார்கள். அது விதியை மறுப்பதாகாது என்றும் விளக்கினார்கள். நோயை முன்கூட்டியே அறிந்து மருந்து உண்பதும் அத்தகையதே. உடல் அல்லாஹ் தந்த அமானிதம், அதைப் பேணுவோம்.